குந்திப் பார்த்து எடுத்த சீலை

ஒரு உடுப்பை வாங்க முன்னம் அதைப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்திப் பார்த்த ஒரேயொரு மனிதரை நான் கண்டிருக்கிறேன். இருபத்தேழு வருசம் துணி விற்றவன் நான். முதலில் சைக்கிளில், பிறகு மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி கட்டி. முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம், விசுவமடு என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் போவேன். பெண்கள் கண்ணால் துணி வாங்குவார்கள். ஆண்கள் அவசரத்தில் வாங்குவார்கள். இவர் முழங்காலால் வாங்கினார்.

பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவர் கோபிக்க மாட்டார். அவருடைய அக்கா கோபிப்பா. இப்போது அந்த மனிதர் இங்கே இல்லை. வவுனியாப் பக்கம் கடை போட்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துவது அவருடைய தொழில். சண்டை முடிந்து நாங்கள் மீளக் குடியேறி வந்த புதிதில் ஊரில் இருந்த மெசின்கள் எல்லாம் மண்ணுக்குள் கிடந்து கிண்டி எடுத்தவை. துரு ஏறி, பிஸ்டன் இறுகி, மனிசர் மாதிரித்தான் அவையும் இருந்தன. அவற்றையெல்லாம் அவர் கழற்றிப் பூட்டி உயிர் கொடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய்க்கால் ஓரமாக வீட்டுத்திட்ட வீடு, தனி ஆள். மெசின் தூக்கித் தூக்கி அகன்ற தோள். இடுப்பு மட்டும் ஒடுங்கியது. இந்தத் தோளையும் இடுப்பையும் ஏன் சொல்லுகிறேன் என்றால், எங்களுக்குள் இருந்த கதையில் பாதி இவற்றைப் பற்றியதுதான்.

நான் அவர் முற்றத்தில் பெட்டியை இறக்கிய முதல் நாள் ஒரு ஊதா நிறச் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். பெண்கள் போடும் நீளச் சட்டை. அக்காவுக்கு என்றார். அவருடைய அக்காவை எனக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி இருந்தவ, கமுகு மாதிரி மெலிந்த மனிசி.

“உங்கடை அக்காவுக்கு இது தோளிலை நிக்காது, தம்பி,” என்றேன்.

கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியை மெசினுக்கு மேலே வைத்தார். என்னை ஒருக்கால் நேராகப் பார்த்தார்.

“அக்காவுக்கு இல்லை அண்ணை. எனக்கு.”

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்யும் கடைசிப் பொய்யும் அந்த அக்காதான். மண்ணெண்ணெய் விட்டுக் கை கழுவி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, போட்டுப் பார்க்க விடுவீர்களோ என்று கேட்டார். எனக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடத்தான் மனம் வந்தது. இதை மறைக்கவில்லை. ஊர்ச் சனம் பார்த்தால் என்னிடம் ஒரு கைக்குட்டையும் வாங்காது என்று நினைத்தேன். ஆனால் கால் எழும்பவில்லை. வெயிலும் கடுமை, அவர் தேத்தண்ணியும் தந்துவிட்டார். தேத்தண்ணி குடித்த வீட்டில் அரைவாசியில் எழும்பிப் போக எனக்குத் தெரியாது.

சட்டையோடு வெளியே வந்தார். கண்ணாடிக்கு முன்னால் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. முற்றத்தில் குந்தினார். எழும்பினார். இரண்டு கையையும் மேலே தூக்கினார். சைக்கிளை எடுத்து முற்றத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினார். அதற்குப் பிறகுதான் கண்ணாடி.

“ஏலாது அண்ணை. குந்தேக்கை தொடையிலை இறுக்குது. கை தூக்கேக்கை முதுகிலை பிடிக்குது. வேறை காட்டுங்கோ.”

என் மனைவி உட்பட எத்தனையோ பெண்களுக்குத் துணி காட்டியிருக்கிறேன். ஒருவரும் குந்திப் பார்த்ததில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவ புதிதாக எடுத்த சட்டையைப் போட்டுக் குந்திப் பார்க்கச் சொன்னேன். பைத்தியமோ என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. பிறகு உள்ளே தையல் விடும் சத்தம் கேட்டது. குந்திப் பார்த்திருக்கிறா.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒருக்கால் அந்த முற்றத்தில் பெட்டியை இறக்குவேன். எனக்குப் படிப்பு இல்லை. மூன்றாம் வகுப்பில் மாட்டுக்குப் பின்னால் போனவன். துணி பற்றி நான் படித்த பள்ளிக்கூடம் அந்த முற்றம்தான். தோள் அகன்றவருக்குத் தோளில் சுருக்கு வைத்த கை கூடாது, அது தோளை இன்னும் இரண்டு விரல் கூட்டும் என்பார். கழுத்து வட்டமாக இருந்தால் மேல் உடம்பு பெட்டி மாதிரித் தெரியும், கூராக இறங்கவேண்டும். கை முழங்கை மட்டும் வரவேண்டும், புயத்துத் தசை அதற்குள் அடங்கிவிடும். இடுப்பு ஒடுங்கியது என்றால் சுருக்கு எல்லாவற்றையும் இடுப்பில் இறக்கு, பாவாடை அங்கிருந்து விரியட்டும். நெஞ்சுக்கு உள்ளே எதையும் அடைக்காதே, வேர்த்துச் சாவாய், முன்னால் ஒரு துப்பட்டாவைப் போடு. பை இல்லாத சட்டையை வாங்காதே. கடைசியாகச் சொன்னதில் அவருக்கு நல்ல கோபம் இருந்தது. பெண்களுடைய சட்டைக்குப் பை வைக்காதவன் ஒருநாளும் ஒரு பெண்ணைச் சந்தைக்கு அனுப்பியிராதவன் என்று சொல்லுவார்.

ஒருநாள் நான் கேட்டேன், இதெல்லாம் வீட்டுக்குள் உடுப்பதற்குத்தானே, இவ்வளவு பார்ப்பது ஏன் என்று.

“வீட்டுக்குள்ளை மட்டும் உடுக்கிறதெண்டால் உரப்பையே காணுமே அண்ணை,” என்றார்.

அப்படித்தான் நடந்தார். வேலை நாளில் மற்ற ஆண்கள் மாதிரிச் சாறமும் சேட்டும். எண்ணெய் பிடிக்கிற வேலைக்கு நல்ல சட்டையைக் கெடுக்கமாட்டார். வெள்ளியும் ஞாயிறும் சட்டை, அல்லது பெண்கள் காற்சட்டைக்கு மேலே போடும் நீளப் பஞ்சாபி. பட்டப்பகலில், சைக்கிளில், கடைக்கு. முதல் மாதம் பெடியள் கூவினார்கள். இரண்டாம் மாதம் அவர்களுக்கு அலுத்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் அலுக்க நேரம் எடுத்தது.

ஒரு சிறுபோகக் காலம், மழையில்லாத பருவம். சந்தியில் நாலு பேர் நின்றோம். இவர் பச்சைப் பஞ்சாபியோடு சைக்கிளில் வருகிறார். எங்களுக்குள் நின்ற ஒருத்தன், அவனுக்கு ஐந்து ஏக்கர் வயல், வாயைச் சும்மா வைத்திருக்கமாட்டான்.

“மச்சான், இந்த வடிவோடை ஆரைப் பாக்கப் போறாய்?”

“உன்ரை மெசினைத்தான். காலமை ஆள் விட்டிருந்தாய், நிண்டு போச்செண்டு. உடுப்பு மாத்திப்போட்டு வரவோ, இப்பிடியே வரவோ?”

அவனுடைய பயிர் தண்ணீரில்லாமல் மூன்று நாள். எங்கள் முகத்தைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான்.

“இப்பிடியே வா,” என்றான்.

பஞ்சாபியின் முன்பக்கத்தை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு, வரப்பில் குந்தி, அரை மணித்தியாலத்தில் மெசினை ஓட வைத்துவிட்டார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க. சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. குந்தும்போது அது இறுக்கவும் இல்லை. அந்தப் பஞ்சாபி நான் கொடுத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சரி, வேறு பக்கம் போகிறேன். இப்படி ஆட்கள் இவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அது பிழை. இவர் பகலில் திரிகிறார் என்ற கதை பரவப் பரவ, ஒவ்வொருவராக அந்த முற்றத்துக்கு வந்தார்கள். மெசின் திருத்த என்று சொல்லித்தான் வருவார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு தொழிலாளி வந்தார், கடல் தொழில், கழுத்தில் செபமாலை, பெரிய வயிறு. கையில் பழுதில்லாத ஒரு மெசின். இவர் அதை ஒரு இழுவையில் ஓட்டிக் காட்டிவிட்டு, இனி உண்மையைச் சொல்லுங்கோ என்றார். மனிதர் அழுதுவிட்டார். மனைவிக்குத் தெரியும், அவவே போய் வாங்கிவரச் சொன்னவ என்றும் சொன்னார். என் பெட்டியில் கிடந்த மினுங்கல் துணியில் அவருக்கு ஆசை. உடம்போடு ஒட்டித் தைக்கவேண்டுமாம்.

“மினுங்கிறது வயித்திலைதான் முதல் மினுங்கும்,” என்றார் இவர். “கடும் நீலம் எடுங்கோ. நெஞ்சுக்குக் கீழை இருந்தே விரியிறமாதிரித் தைப்பிப்பம். வயிறு எங்கை எண்டு நீங்களே தேடுவியள்.”

அந்த மனிதர் அழுத கண்ணோடு சிரித்தது இப்போதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் அவர் உடுப்பைப் பைக்குள் ஒளித்துக் கொண்டு போனது இவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு சொன்னார், ஒளிக்கிறவனைக் குறை சொல்லமாட்டன், ஆனால் நானும் ஒளித்தால் அந்த மனிசன் வர ஒரு முற்றம் இருந்திராது என்று.

இனி சீலைக்கு வருகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் பெண்கள் கற்பூரச்சட்டி எடுப்பார்கள். மண் சட்டியில் கற்பூரம் எரியும். உள்ளங்கையில் வேப்பிலை வைத்து, அதன் மேல் சட்டியை வைத்து, வீதியைச் சுற்றி வருவார்கள். நேர்த்தி வைத்தவர்கள்தான் எடுப்பது. அந்த வருசம் தானும் எடுக்கப்போவதாக இவர் சொன்னார். சீலையோடு.

கடைக்குப் போவது வேறு. கோயில் வேறு.

“சண்டையின்ரை கடைசி நாள் பங்கருக்குள்ளை கிடந்து நேந்தனான் அண்ணை. தப்பினால் எனக்குப் பிடிச்ச உடுப்போடை வந்து சட்டி எடுப்பன் எண்டு. செல் விழேக்கை ஆரும் பொய் நேருவினமோ? இப்ப வேட்டியோடை போனால் அது அம்மாளாச்சியை ஏமாத்திறது.”

அம்மாளாச்சி கோபிக்கமாட்டா, கோயில் தலைவர் கோபிப்பார் என்றேன். தலைவர் கண்டிப்பான மனிதர். எங்கள் பக்கக் கோயில்களில் ஆண்கள் மேலுடுப்புக் கழற்றித்தான் உள்ளே போவது. சேட்டுப் போட்ட ஒரு பெரிய உத்தியோகத்தரையே வாசலில் மறித்தவர் அவர்.

“அதுதானே,” என்றார் இவர். “கழட்டச் சொல்லுவாங்கள். பஞ்சாபி போட்டால் மேலுக்கு இருக்கிறதைக் கழட்டு எண்டுவாங்கள். பாவாடை பிளவுசெண்டாலும் அப்பிடித்தான். சீலை எண்டால் என்னத்தைக் கழட்டச் சொல்லுறது?”

யோசித்துத்தான் சீலைக்கு வந்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது.

பெட்டியில் இருந்ததிலேயே வடிவான சீலையைக் காட்டினேன். மஞ்சளில் சிவப்புக் கரை, தண்ணீர் மாதிரி வழுகும். பருத்தி கலந்தது என்று சொல்லித்தான் வவுனியாவில் எனக்குத் தந்தார்கள். ஒட்டியிருந்த துண்டில் ஏதோ எழுதியிருந்தது, வாசிக்க எனக்கு எங்கே தெரியும்? இவர் கரையிலிருந்து ஒரு நூலை உருவினார். நெருப்புக்குச்சி தட்டினார். நூல் எரிந்து சாம்பலாகவில்லை. சுருண்டு உருகி, கறுப்பாக ஒரு மணி மாதிரித் திரண்டது.

“அண்ணை, இதை உடுத்துக்கொண்டு நெருப்புச் சட்டி தூக்கினால் தோலோடை ஒட்டும். ஆருக்கும் குடுத்தனீங்களோ?”

இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன். இருவரும் சட்டி எடுக்கிறவர்கள். அன்றைக்கே போய் மாற்றிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலம் துணி விற்றும் ஒரு நூலை எரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.

அடுத்த நாள் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய்க் கைத்தறிச் சீலை ஒன்று கொண்டுவந்தேன். அரக்கு நிறம், சின்னக் கரை. தடித்த பருத்தி. உடம்பில் ஒட்டாமல் விறைத்து நிற்கும், அதனால் ஒடுங்கிய இடுப்புக்கு ஒரு அகலம் கிடைக்கும். முழங்கை மட்டும் கை வைத்த பிளவுசை அவரே தைத்தார். தையல் மெசினும் மெசின்தானே, அது அவர் சொன்னபடி கேட்கும். முன்மடிப்பை, கொய்யகத்தை, ஒரு விரல் உயர்த்திக் கட்டினார், நடக்கும்போது கால் தடக்காமல். தலைப்பைத் தோளில் மூன்று இடத்தில் ஊசி குத்தி, மிச்சத்தை இடுப்பில் செருகினார், நெருப்புப் பக்கம் பறக்காமல். பிறகு முற்றத்தில் அடுப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை மூன்று தரம் சுற்றினார். குந்தினார். எழும்பினார்.

“சரி,” என்றார். “இது வேலை செய்யும்.”

இதற்கெல்லாம் முன்னம், நான் சீலை கொண்டுவந்த அன்று பின்னேரமே, தலைவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். கதிரையில் இருக்கவுமில்லை. அவனுக்குச் சீலை கொடுத்தால் கோயில் சனம் என்னிடம் வாங்காது என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன் என்று சொல்ல ஆசை. அப்படி இல்லை. கொடுத்தாயிற்றே, இனி என்ன செய்வது என்று முனகினேன். உண்மையில் சீலை அப்போதும் என் அலுமாரியில்தான் இருந்தது. அவர் வாசற் படலையைத் தாண்டிய கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திருவிழா அன்று மத்தியான வெயில். மணல் கொதிக்கிறது. சட்டி எடுக்கும் பெண்கள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். இவர் ஒழுங்கையால் நடந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அரக்குச் சீலை, நெற்றியில் குங்குமம், தலையில் பூ வைக்கவில்லை. மயிர் கட்டையாக வெட்டினபடிதான். பெண் என்று யாரையும் ஏய்க்க அவர் வரவில்லை. மேளகாரர் இரண்டு தட்டுத் தவறவிட்டார்கள்.

தலைவர் வந்தார். வெற்று உடம்பு, இடுப்பில் சால்வை.

“ஆம்பிளையள் மேலுடுப்போடை வரேலாது. இது கோயில் வழமை.”

“ஓம். தெரியும்.”

“தெரிஞ்சால் கழட்டு.”

“எதை ஐயா?”

“மேலுக்கு இருக்கிறதை.”

“இது ஒரே துணி. மேலுக்கு இழுத்தால் கீழும் கழரும்.” குரல் உயரவில்லை. ஆனால் வரிசை முழுவதும் கேட்டது. “வழமையெண்டால் நான் மீறேல்லை. அம்மாளாச்சியின்ரை வாசல்லை, இவ்வளவு பொம்பிளையளும் கேக்க, ‘சீலையைக் கழட்டு’ எண்டு உங்கடை வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ. இந்த இடத்திலையே கழட்டுறன்.”

அந்தச் சொல்லை எந்த ஆண் கோயில் வாசலில் நின்று சொல்லுவான்? தலைவருடைய கண் சனத்துக்குள் யாரையோ தேடியது. எல்லா ஆண்களும் மணலைப் பார்த்தோம். நானும்தான்.

அப்போது வரிசையின் நடுவில் நின்ற ஒரு பெண், நான் சீலை மாற்றிக் கொடுத்தவர்களில் ஒருத்தி, தலையைத் திருப்பாமலே தலைவருக்குச் சொன்னா:

“முகாமிலை நிவாரண உடுப்பு மூட்டை பிரிச்சுத் தரேக்கை, உங்களுக்கு ரோசாப்பூப் போட்ட பிளவுசெல்லோ வந்தது அண்ணை? நாலு நாள் அதோடைதானே சோத்து லைனிலை நிண்டனீங்கள். ஆராவது கழட்டச் சொன்னவையோ?”

முதலில் ஒரு கிழவி சிரித்தா. பிறகு வரிசை முழுவதும். முகாமில் எல்லாருக்கும் கிடைத்ததுதான் உடுப்பு. எனக்கு யாரோ ஒரு குமர்ப்பிள்ளையின் பூப்போட்ட சட்டை வந்தது. குளிருக்குப் போட்டேன். அதை இத்தனை வருசம் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெண்கள் அரை அடி அரை அடியாக நகர்ந்து கடைசியில் நின்றவரை நடுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐயருக்கு நேரம் போகிறது. அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொரு சட்டியாகக் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். இவருடைய சட்டிக்கும் ஏற்றினார். மூன்று சுற்று. மெசின் தூக்கிய கை, ஆடவில்லை. காற்று ஒருக்கால் சுழன்று அடித்தது. தலைப்பு அசையவில்லை. முடித்து வந்து வேம்பின் கீழே குந்தினார். கை சுட்டதோ என்று கேட்டேன். கை இல்லை, கால்தான் என்று உள்ளங்காலைக் காட்டினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தலைவர் முடிக்கவில்லை. அடுத்த வருசம் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்க வாசலில் புதுப் பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. இவர் அதே அரக்குச் சீலையோடு, கையில் சட்டியோடு வந்தபோது நான் அந்தப் பலகையின் கீழேதான் நின்றேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் நின்று, எனக்காகச் சத்தமாக வாசித்தார்.

“ஆண்கள் மேலாடையுடன் உள்ளே செல்லக்கூடாது. பெண்களின் உடை உடுத்த ஆண்களும் உள்ளே செல்லக்கூடாது.”

இவர் இரண்டாம் வரியை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார், வயிறு குலுங்க, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு.

“அண்ணை, போன வருசம் மட்டுக்கும் உப்பிடி ஆக்கள் எங்கடை ஊரிலையே இல்லையெண்டு சொல்லித் திரிஞ்சவங்கள். இப்ப பெயின்ரடிச்சு எழுதி வைச்சிருக்கிறாங்கள். வாற போற சனமெல்லாம் வாசிக்கும். இனி நாங்கள் இல்லையெண்டு எவன் சொல்லுவான்?”

தலைவர் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றார். எழுத்துப் பிழை இருக்கிறதோ என்று பார்க்கிறவர் மாதிரிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து பெண்கள் நேரமாகுது, கெதியா வா என்று கூப்பிட்டார்கள். இவர் பலகைக்கு நேர் கீழே நின்று கொய்யகத்தை ஒருக்கால் இழுத்துச் சரி செய்தார். தலைப்பைச் செருகினார். உள்ளே போனார்.

நான் என் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.